பதிவும் மனுவும்: மறைமலைநகர் முதல் மாமல்லபுரம் வரை உள்ளாட்சியும் சமூக ஊடகமும்

1. பொருளும் எல்லையும்

சமூக ஊடகம் என்பது, பயன்படுத்துவோரே செய்தியை ஆக்கவும் பெறவும் பகிரவும் ஒருவரோடொருவர் உரையாடவும் இடந்தரும் இணையத் தளங்களின் பொதுப்பெயர். முகநூல், யூடியூப், இன்ஸ்டாகிராம், முன்பு ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் ஆகியவற்றோடு, தனிச்செய்தி அனுப்பும் செயலியாகத் தோன்றிப் பின்னர் குழுக்களாலும் சேனல்களாலும் பொதுவெளியின் தன்மை பெற்றுவிட்ட வாட்ஸ்அப்பும் இதனுள் அடங்கும். உள்ளாட்சி என்பது குடிநீர், குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், சொத்துவரி, பிறப்பு இறப்புப் பதிவு என அன்றாட வாழ்வைத் தொடும் பணிகளைச் செய்யும், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் நிகழ்வது என்ன, அதனால் யார் பயன் பெறுகின்றனர், யார் விடுபடுகின்றனர், எந்த நெறிகள் இருந்தால் அச்சந்திப்பு நல்லாட்சியாகக் கனியும் என்பன இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

இவற்றை ஆராயச் செங்கல்பட்டு மாவட்டம் பொருத்தமான களம். 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தில், 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியும், மறைமலைநகர் போன்ற நகராட்சிகளும், ஊராட்சிகளும், மாமல்லபுரக் கரையோர மீனவ ஊர்களும் சில மணி நேரப் பயணத்துக்குள் அடங்கியிருக்கின்றன. சென்னையின் நெரிசலைக் குறைக்கும் புதுநகராக 1970களின் இறுதியில் திட்டமிடப்பட்டு, தனித்தமிழ் இயக்கத்தின் முன்னோடியான மறைமலையடிகளின் பெயர் சூட்டப்பட்ட மறைமலைநகரில், 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 81 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். நகராட்சி 21 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நகரம் எழுவதற்கு முன்பே அங்கிருந்த சிற்றூர்களின் குடிகள், மனை ஒதுக்கீடு பெற்றுக் குடியேறியோர், தொழிற்சாலைகளில் முறைப்பணி செய்யும் வடமாநிலத் தொழிலாளர்கள், அருகிலுள்ள கல்லூரிகளின் மாணவர்கள் என ஒரே ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் வாழும் மக்கள் பலவகையினர். குடிநீர் வரும் நேரம் மாறியது என்ற ஓர் அறிவிப்பு இவர்கள் அனைவரையும் ஒரே வழியில் சென்றடையாது என்பதே இப்பொருளின் தொடக்கச் சிக்கல்.

2. கல்வெட்டு முதல் ஒலிபெருக்கி வரை

ஆட்சி தன் முடிவை மக்களுக்குத் தெரிவிப்பதும் அதற்கொரு கருவியைத் தேடுவதும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளையும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர் தகுதி இழப்பர் என்பதையும் மண்டபச் சுவரிலேயே பொறித்து வைத்திருக்கின்றன. அந்தச் சபை அந்தணர் குடியிருப்பின் சபை என்பதால் அதன் பங்கேற்பு எல்லைக்குட்பட்டதே. ஆயினும் விதியை அதிகாரியின் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், அழிக்கவும் திருத்தவும் அரிதான ஊடகத்தில், ஊர் கூடும் இடத்தில் வெளியிட்டது அதன் சிறப்பு. வெளியிடப்பட்ட சொல் வெளியிட்டவரையும் கட்டுப்படுத்தும் என்ற கருத்து அதில் உட்பொதிந்துள்ளது.

எழுத்தறியாதோரைச் சென்றடைந்த கருவி தண்டோரா. பறையடித்துத் தெருத்தெருவாகச் செய்தி சொல்லும் இவ்வழக்கம் எல்லார் காதிலும் விழுந்தது என்றாலும், அப்பணி ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்ட ஊழியமாகவே நெடுங்காலம் நீடித்தது. 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கி பொருத்திய வண்டிகளைப் பயன்படுத்துமாறு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். செய்தி சென்றடைவது மட்டும் போதாது, அது செல்லும் வழியும் மனித மாண்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதை அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட நிகழ்வு அது. இன்றைய ஊடகங்களையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும்.

கருவிகள் ஒன்றோடொன்று இணையும்போது பெறும் வலிமைக்குக் கிழக்குக் கடற்கரையிலேயே சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவ ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த தொலைபேசி எச்சரிக்கையை, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியில் அங்கே அமைந்திருந்த கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி ஊர் முழுவதற்கும் சேர்த்தது. மக்கள் மேட்டுக்கு ஓடி உயிர் தப்பினர். தொலைவிலிருந்து வந்த செய்தியை ஊரின் குரலாக மாற்றும் ஓர் அமைப்பு ஏற்கெனவே ஊரில் வேரூன்றியிருந்ததே இங்குக் காப்பாக அமைந்தது.

3. சட்டம் சொல்வது

உள்ளாட்சி மக்களோடு பேசுவது அதன் விருப்பத்தைப் பொறுத்ததன்று, சட்டக் கடமை. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நகராட்சிகளுக்குத் தன்னாட்சியின் அடித்தளத்தை அளித்தது. அதன்படி வார்டு குழுக்கள் கட்டாயமாவது மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மட்டுமே என்பதால், மறைமலைநகர் போன்ற நகரங்கள் அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நின்றன. இந்த இடைவெளியை நிரப்பும் வகையில் 2022இல் தமிழ்நாடு அரசு வார்டு குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகளை வெளியிட்டது. பகுதி சபை என்பது ஒரு வார்டின் குறிப்பிட்ட பகுதியில் வாழும் வாக்காளர் கூடித் தம் தேவைகளைப் பேசும் மன்றம். கிராம சபையின் நகர்ப்புற வடிவம் எனலாம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூடியபோது, இம்மாவட்டத்துத் தாம்பரம் மாநகராட்சிக்குட்பட்ட பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார்.

2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இன்னும் நேரடியானது. ஒவ்வொரு பொது அமைப்பும் தன் பணிகள், அலுவலர் பொறுப்புகள், வரவு செலவு ஆகியவற்றைக் கேட்காமலேயே வெளியிட வேண்டும் என்று அதன் 4ஆவது பிரிவு கூறுகிறது. அப்படி வெளியிடும்போது செலவையும், வட்டார மொழியையும், அந்தப் பகுதியில் எந்த வழி பயன்மிக்கதோ அந்த வழியையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் வகுக்கிறது. அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு, ஒலிபரப்பு, இணையம் ஆகியவற்றை அச்சட்டம் ஒரே வரிசையில் வைக்கிறது. மக்கள் கையில் வாட்ஸ்அப் இருக்கும் ஊரில் அலுவலகச் சுவரில் மட்டும் தாள் ஒட்டுவது இச்சட்டத்தின் கருத்துக்குப் போதாது. வாட்ஸ்அப் இல்லாதோர் வாழும் தெருவில் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவதும் போதாது. ஒன்றிய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்பத் துறை 2012இல் அரசு நிறுவனங்களுக்கு வெளியிட்ட சமூக ஊடக வழிகாட்டி நெறிகள், கணக்குத் தொடங்கும் முன் நோக்கத்தையும், பதில் சொல்லும் பொறுப்பாளரையும், பதிவுகளைப் பாதுகாக்கும் முறையையும் வரையறுக்கச் சொல்கின்றன.

4. மூவகைப் பயன்பாடு

அரசுகள் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தும் முறைகளை ஆய்வாளர் மூன்றாகப் பகுப்பர். முதலாவது அறிவித்தல்: செய்தி ஆட்சியிலிருந்து மக்களுக்கு ஒருவழியாகப் பாய்வது. இரண்டாவது கேட்டல்: மக்களின் குறையையும் கருத்தையும் ஆட்சி பெற்றுக்கொண்டு மறுமொழி சொல்வது. மூன்றாவது கலந்து செய்தல்: இரு தரப்பும் சேர்ந்து தகவலையோ தீர்வையோ உருவாக்குவது. 1969இல் அமெரிக்க அறிஞர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் குடிமக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தபோது, தெரிவிப்பதையும் கருத்துக் கேட்பதையும் நடுப்படிகளில்தான் வைத்தார். முடிவில் பங்கு கிடைக்கும்போதே மேற்படிகள் தொடங்குகின்றன என்பது அவர் வாதம்.

முதல் வகை எளிது, அதனாலேயே மிகுதி. குடிநீர் நிறுத்தம், மின்தடை, முகாம் நாள், வரிக்கட்டணக் கெடு ஆகியவற்றைச் செலவின்றி உடனுக்குடன் தெரிவிப்பது உண்மையான நன்மை. ஆனால் திறப்பு விழா, ஆய்வு, நலத்திட்டம் வழங்கல் ஆகியவற்றின் படங்கள் நிறைந்து, மக்கள் தேடிவரும் செய்தி அவற்றுக்கிடையே மறைந்துவிடும் ஆபத்தும் இவ்வகையில்தான் உள்ளது. 2019 அக்டோபரில் மாமல்லபுரத்தில் சீன அதிபரோடு நடந்த சந்திப்பின்போது, கடற்கரையில் குப்பை பொறுக்கும் காணொளியைப் பிரதமர் ட்விட்டரில் வெளியிட்டதும் அக்கரையின் நெகிழிக்கழிவு நாடே பேசும் பொருளாயிற்று. ஒரு படம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு அது சான்று. அதே கரையில் குப்பை வண்டி எந்தக் கிழமை எந்தத் தெருவுக்கு வரும் என்ற செய்தி அந்தத் தெருவுக்கு மட்டும் சென்றால் போதும்; ஆனால் தவறாமல் செல்ல வேண்டும். உள்ளாட்சிக்கு வேண்டியது பரப்பைவிடத் துல்லியம்.

இரண்டாவது வகைக்கு இந்தியாவில் முன்னோடியாகப் பெரிதும் குறிப்பிடப்படுவது, 2010இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்கு முன் டெல்லிப் போக்குவரத்துக் காவல்துறை தொடங்கிய முகநூல் பக்கம். விதி மீறும் வண்டிகளின் படங்களை மக்களே அதில் பதிந்தனர், அவற்றைக் கொண்டு அபராத அறிவிப்புகள் அனுப்பப்பட்டன. சென்னை மாநகராட்சி 1913 என்ற தொலைபேசி எண்ணோடும் செயலியோடும் எக்ஸ் தளத்திலும் குறைகளைப் பெறுகிறது. 2025 ஜூலையில் வாட்ஸ்அப் வழியே 32 சேவைகளைத் தொடங்கியது. அதற்கு முன் அவ்வாண்டு ஜனவரியிலேயே ஆந்திர அரசு ‘மன மித்ரா’ என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பில் அளிக்கத் தொடங்கியிருந்தது.

சிற்றூர் அளவில் உலகறிந்த எடுத்துக்காட்டு, ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரை அடுத்த, ஏறத்தாழ 3,500 பேர் வாழும் ஹூன். எரியாத தெருவிளக்கைப் பற்றி ஒருவர் ட்விட்டரில் எழுதினால், மேயர் அதை மின்பணியாளருக்கு அங்கேயே அனுப்புவார். விளக்கு சரியானதும் பணியாளர் படத்தோடு மறுமொழி இடுவார். கேள்வி, பொறுப்பாளர், பதில் ஆகிய மூன்றும் ஊரார் கண்முன் நிகழ்ந்ததே அம்முறையின் உயிர். மறைமலைநகரின் ஒரு வார்டில் சராசரியாக வாழ்வோர் ஏறத்தாழ நான்காயிரம் பேர். ஹூன் ஊரின் அளவும் ஏறத்தாழ அதுவே. ஆகவே இத்தகைய உரையாடலுக்கு ஏற்ற அலகு நகரைவிட வார்டு எனக் கொள்வது பொருந்தும்.

5. பேரிடர் தந்த பாடம்

மூன்றாவது வகையான கலந்து செய்தலின் வலிமையும் ஆபத்தும் ஒருசேர வெளிப்பட்டது 2015 டிசம்பர் வெள்ளத்தில். டிசம்பர் 1 முதல் 2ஆம் நாள் காலைவரை தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, செம்பரம்பாக்கம் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டு, அடையாற்றின் கரைகள் மூழ்கிய அந்நாட்களில், எங்கே உணவு உண்டு, எங்கே படகு வேண்டும் என்பதைத் தன்னார்வலர் பொதுவான குறிச்சொற்களின்கீழ் திரட்டினர். மக்களே குறித்துத் தந்த தகவலைக் கொண்டு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தில் நீரில் மூழ்கிய 2,500க்கும் மேற்பட்ட சாலைகள் காட்டப்பட்டன. அலுவலகத்துக்குள் இருந்து எந்த அமைப்பும் அந்த வேகத்தில் அறிந்திருக்க முடியாத செய்தியை, தெருவில் நின்றோர் தந்தனர்.

அதே நாட்களில் மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் அமைந்துள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்ற பொய்ச்செய்தியும் வாட்ஸ்அப்பில் பரவியது. பண்ணை நிர்வாகம் மறுக்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் நாசா நிறுவனம் இதுவரை காணாத பெருமழையை முன்னறிவித்ததாகவும் வதந்தி பரவியது. வெள்ளத்துக்கு அஞ்சி வெளியேற வேண்டியவர் எது உண்மை என்று அறியாமல் தவிப்பதும், உண்மையான எச்சரிக்கையையும் வதந்தி என்று ஒதுக்குவதும் உயிருக்கே கேடாகும்.

எட்டாண்டுகளுக்குப் பின், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர் அருகே நெடுங்குன்றத்தில் இரவில் ஒரு முதலை சாலையைக் கடக்கும் காணொளி பரவியது. இம்முறை அது உண்மை. சுற்றுச்சூழல், வனத்துறையின் அன்றைய செயலாளர் சுப்ரியா சாகு, எக்ஸ் தளத்திலேயே அக்காணொளியைக் குறிப்பிட்டு, சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் முதலைகள் இயல்பாக வாழ்கின்றன, அவை கூச்ச இயல்புடையவை, நீர் பெருகியதால் வெளியே வந்துள்ளன, அருகே செல்லாதிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை என்ற பொருள்பட விளக்கினார். 2015இன் பொய்யையும் 2023இன் உண்மையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அச்சத்தைத் தணித்தது மறுப்பு மட்டுமன்று. அறிந்த பொறுப்பாளர் ஒருவர், தம் பெயரோடும் பதவியோடும், காரணத்தை விளக்கி, அச்செய்தி பரவிய அதே இடத்தில், அது பரவிக்கொண்டிருந்தபோதே பேசியதுதான்.

காலம் தாழ்ந்தால் நேரும் கொடுமைக்கும் தமிழ்நாட்டில் சான்று உண்டு. 2018 மே மாதம், குழந்தை கடத்துவோர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பிய கூட்டத்தால், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு இந்தியாவின் பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நடந்த பின்னரே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸ்அப் வரம்பிட்டது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழ்நாடு காவல்துறை உடனடியாக மறுப்புக் காணொளிகளை வெளியிட்டது. தொழிலாளருக்கு இந்தியிலும் செய்தி சொல்லப்பட்டது. மறைமலைநகர் போன்ற தொழில் நகருக்கு இப்பாடம் நேரடியாகப் பொருந்தும்: அந்த மக்களின் அச்சம் அவர்களின் சொந்த மொழிக் குழுக்களில் பரவுகிறது, ஆகவே தமிழில் மட்டும் வரும் மறுப்பு அவர்களைச் சென்று சேராது.

6. பதிவா, மனுவா?

குறைதீர்ப்பே இப்பொருளின் மையம். தமிழ்நாட்டின் நிருவாக மரபில் மனு என்பது வெறும் வேண்டுகோளன்று. திங்கட்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் ஒருவர் மனுக் கொடுத்தால், அது பதிவேட்டில் ஏறி எண் பெறும். ஒப்புகைச் சீட்டு தரப்படும். உரிய துறைக்கு அனுப்பப்படும். மனுவைப் பெற்ற மூன்று நாட்களுக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் முடிவும் தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டு அரசாணை வகுத்துள்ளது. அந்த ஒப்புகைச் சீட்டே மனுதாரரின் பிடி. அதைக் கொண்டுதான் அவர் மேல்முறையீடு செய்கிறார், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேள்வி எழுப்புகிறார், நீதிமன்றம் செல்கிறார்.

வார்டு வாட்ஸ்அப் குழுவில் இடப்படும் படத்துக்கு இப்பிடி கிடையாது. கழிவுநீர் தேங்கிய தெருவின் படம் காலையில் வரும். கவுன்சிலர் கைகூப்பும் குறியோடு “பார்க்கிறேன்” என்பார். மாலைக்குள் வாழ்த்துச் செய்திகளின் கீழ் அப்படம் புதைந்துபோகும். சில வேளைகளில் மறுநாளே பணி முடிந்தும்விடும். மனுவாக எழுதிக் கொடுத்திருந்தால் அவ்வளவு விரைவில் நடந்திராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த விரைவு, கவுன்சிலரின் அக்கறையையும் கேட்பவரின் அறிமுகத்தையும் பொறுத்தது. அறிமுகமில்லாத வாடகைக் குடியினரும் குழுவில் சேர்க்கப்படாதோரும் அதைப் பெறார். பணி நடக்காதபோது, கேட்டதற்கே சான்று இல்லை. எத்தனை குறைகள் வந்தன, எத்தனை தீர்ந்தன, எந்தத் தெருவில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது என்ற கணக்கு நகர்மன்றத்தின் முன் வருவதும் இல்லை. கணக்கு இல்லையேல் வடிகால் வேண்டிய தெருவுக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்துக்கு ஆதாரமும் இல்லை.

ஆகவே சமூக ஊடகத்தின் வேகமும் மனுவின் உறுதியும் ஒன்று சேர வேண்டும். எந்த வழியில் வந்தாலும் குறை ஒரே பதிவேட்டில் ஏறி, எண்ணும் பொறுப்பாளரும் கெடுநாளும் பெற்று, அந்த எண் குறை சொன்னவருக்கு அதே வழியில் திரும்பிச் செல்வதே இணைப்பின் முறை. தீர்க்க இயலாத குறைக்கு, அது நெடுஞ்சாலைத் துறையின் பணியோ மின்வாரியத்தின் பணியோ, நிதி இல்லையோ, உள்ளதை உள்ளபடி காரணம் சொல்லி முடிப்பதும் தீர்வின் ஒரு வகை. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டுவதில்லை. பதிவேட்டையும் கைப்பேசியையும் ஒருசேரக் கவனிக்கும் ஓர் அலுவலர் நகராட்சியில் வேண்டும்.

7. விடுபடுவோர்

2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 33 விழுக்காட்டினரே எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்தியிருந்தனர். ஆண்களில் 57 விழுக்காட்டினர். தமிழ்நாட்டிலும் அத்தகைய பெண்கள் பாதிக்கும் குறைவு. அதன் பின் நிலை மாறி வந்தாலும், வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து அது ஆணின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும் குடும்பங்கள் பல. குடிநீர் எப்போது வரும் என்று அறிய வேண்டியவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண். செய்தியோ தொழிற்சாலையில் இருப்பவர் கைக்குப் போகிறது. நல்லவாட்டின் ஒலிபெருக்கி இன்றும் தேவைப்படுவது இதனால்தான்.

மற்றொரு தடை எழுத்துரு சார்ந்தது. அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிய வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அறிவிப்பைச் சமூக ஊடகத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகளாகும்; ஆதலால் தாளைப் படமெடுத்துப் பதிவிடும் பழக்கம் வேரூன்றியது. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டிருந்தும் அப்பழக்கம் தொடர்கிறது. படமாக வரும் அறிவிப்பைத் தேட இயலாது, மொழிபெயர்ப்புக் கருவியால் இந்திக்கோ ஒடியாவுக்கோ எளிதில் மாற்ற இயலாது, பார்வைக் குறையுடையோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்க இயலாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வலியுறுத்தும் அணுகல் உரிமைக்கு இது முரண். ஒருங்குறியில் நான்கு வரி எழுதி, படத்தை அதனுடன் இணைப்பது செலவில்லாத திருத்தம்.

நடையும் கவனிக்கத்தக்கது. மறைமலையடிகளின் பெயர் தாங்கிய நகரில் அறிவிப்பு நல்ல தமிழில் இருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று தொடங்கி ஒரு பக்கம் நீளும் அலுவலக நடையைவிட, எந்தத் தெரு, எந்த நாள், எந்த நேரம், யாரைக் கேட்பது என்று நேரே சொல்லும் தமிழே நல்ல தமிழ்.

8. கணக்கின் உடைமையும் விமரிசன உரிமையும்

நகராட்சியின் கணக்கு, ஆணையாளரின் கணக்கு, மன்றத் தலைவரின் கணக்கு, கவுன்சிலரின் சொந்தக் கணக்கு ஆகியவை மக்கள் பார்வையில் ஒன்றுபோலத் தோன்றினாலும் சட்டத்தின் பார்வையில் வேறு வேறு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் போர்ட் ஹூரான் நகரின் நிருவாகி, கொரோனாக் காலத்தில் தம்மைக் குறைகூறிய குடிமகன் ஒருவரைத் தம் முகநூல் பக்கத்தில் தடுத்த வழக்கில், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் ஓர் அளவுகோலை வகுத்தது: அரசின் சார்பில் பேசும் அதிகாரம் அவருக்கு உண்மையில் இருந்து, அந்தப் பதிவில் அவ்வதிகாரத்தைச் செலுத்தியவராகவும் தோன்றினால் மட்டுமே அது அரசின் செயலாகும். சொந்தப் பக்கத்தையும் அலுவல் பக்கத்தையும் கலந்து வைத்திருப்போர் அனைவருக்கும் இது எச்சரிக்கை.

இந்தியாவில் இதற்கு இணையாகச் சுட்டத்தக்கது பெங்களூரு வழக்கு. போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் ஓர் ஆய்வாளரின் நடத்தையைக் குறைகூறி எழுதிய தம்பதியர்மேல் குற்றவழக்குப் பதியப்பட்டது. மக்கள் தம் குறைகளைச் சொல்வதற்கென்றே உருவாக்கப்பட்ட பக்கம் அது என்பதைக் கருத்தில் கொண்டு, உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரியில் அவ்வழக்கை நீக்கியது. இரண்டு மாதங்களில், இணையத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவகுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவும் செல்லாததாக்கப்பட்டது. குறை சொல்ல அழைத்துவிட்டுக் குறை சொன்னவரைத் தண்டிக்கும் கணக்கு, இல்லாத கணக்கைவிடத் தீங்கானது.

இதன் மறுபக்கம் தனியுரிமை. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் வரையே சேர முடியும் என்பதால் சராசரியாக நான்காயிரம் பேர் வாழும் வார்டு அதில் அடங்காது. சேர்ந்தோரின் கைப்பேசி எண்களும் ஒருவருக்கொருவர் தெரியும். குறை சொல்லும் பெண்ணின் எண் ஊருக்கே தெரிவது அவர் வாயை அடைக்கும். உறுப்பினர் எண்ணை மறைக்கும் சேனல் வடிவம் 2023இல் இந்தியாவுக்கு வந்தது. அறிவிப்புக்கு அதுவும், குறைக்குத் தனிச்செய்தி எண்ணும் என்று பிரிப்பது நல்லது. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இத்தகைய கவனத்தையே கோருகிறது.

9. பிறர் நிலத்தில் கட்டிய வீடு

சமூக ஊடகத் தளங்கள் அனைத்தும் தனியார் உடைமை. அவற்றின் விதிகள் உள்ளாட்சியைக் கேளாமலே மாறும். 2023 ஏப்ரலில், அப்போது ட்விட்டர் எனப்பட்ட எக்ஸ் தளத்தின் கட்டண மாற்றத்தால் நியூயார்க் நகரப் போக்குவரத்து ஆணையம் தன் உடனடிச் சேவை அறிவிப்புகளை அங்கே சில நாட்கள் நிறுத்தியது. அவ்வாண்டு நடுவில் கணக்கில்லாதோர் பதிவுகளைப் படிக்கவும் தடை வந்தது. இந்தியாவில் டிக்டாக் 2020 ஜூனில் ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. இலங்கையில் 2018 மார்ச்சிலும் 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னும் அரசே சமூக ஊடகங்களை முடக்கியது; செய்தி மிகத் தேவைப்பட்ட நாட்களில் அவ்வழி மூடியிருந்தது. புயலில் மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் சாயும்போதும் இதுவே நிகழும். ஆகவே தீர்மானங்களும் அறிவிப்புகளும் முதலில் நகராட்சியின் சொந்த இணையதளத்திலும் அறிவிப்புப் பலகையிலும் நிலைபெற வேண்டும். சமூக ஊடகம் அவற்றுக்கு வழிகாட்டும் கைகாட்டியாக அமைய வேண்டும்.

10. முடிவுரை

இதுவரை கண்டவற்றிலிருந்து சில நெறிகள் தெளிகின்றன. கணக்கு பதவியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். பதவியில் இருப்பவர் மாறும்போது அது அடுத்தவரிடம் கையளிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் அறிவிப்பும் ஒருங்குறித் தமிழில், தேவைப்படும் இடத்தில் இந்தியிலும், சுவரிலும் ஒலிபெருக்கியிலும் இணையாக வர வேண்டும். வதந்திக்கு மறுமொழி, பெயர் தாங்கிய பொறுப்பாளரிடமிருந்து காரணத்தோடு உடனே வர வேண்டும். குறை சொல்வோர் தடுக்கப்படலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கைப்பேசியில் வந்த குறை மனுவின் தகுதியைப் பெற்று, மாதந்தோறும் வந்தவை, தீர்ந்தவை, நின்றவை என்ற கணக்காக நகர்மன்றத்தின் முன்னும் பகுதி சபையின் முன்னும் வைக்கப்பட வேண்டும். அப்போது குழுவில் இல்லாதோரும் அக்கணக்கைக் கேட்கலாம், கேள்வி எழுப்பலாம்.

உத்திரமேரூர்ச் சபையார் தம் விதியைக் கல்லில் பொறித்தது, பின்னாளில் தாமே அதை மறுக்க இயலாதிருக்கவே. இன்றைய திரையில் தோன்றும் சொல் கல்லெழுத்தின் நேர் எதிர். ஒரு விரலசைவில் கீழே போய்விடும். அதற்கு உறுதி தருவது பதிவேடு. மறைமலைநகரில் முறைப்பணி முடித்து நள்ளிரவில் திரும்பும் தொழிலாளி ஒருவர் தம் தெருவின் எரியாத விளக்கைப் படமெடுத்து அனுப்பும்போது, அவருக்கு ஓர் எண்ணும் ஒரு நாளும் ஒருவர் பெயரும் மறுமொழியாகக் கிடைக்குமானால், அவர் வாக்காளர் பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்நகரின் குடியாக மதிக்கப்பட்டார் என்பதற்கு அதுவே போதிய ஒப்புகை.